காய்ச்சல் போன பிறகும் கால் ஏன் வலிக்கிறது?

மரக்காணம் உப்பளங்களில் பொங்கலுக்குப் பிறகு வேலை சூடு பிடிக்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை குடித்துச் சேறாகக் கிடந்த பாத்திகளில் நீரை வடிக்க வேண்டும், வரப்பு கட்ட வேண்டும், தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பாத்தி இறுகாமல் உப்பு வெளுப்பாக வராது. மழைக்காலக் காய்ச்சல்களில் விழுந்தவர்கள் எழுந்து வேலைக்கு வருவதும் இதே மாதங்களில்தான். காய்ச்சல் விட்டிருக்கும், பசி எடுக்கும், முகத்தில் தெளிவும் வந்திருக்கும். சேற்றில் இறங்கியதும்தான் கால் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்பது தெரியும்.

“காச்சல் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு டாக்டர். கெண்டக்காலு மட்டும் குடையுது.”

“வைரஸ் காய்ச்சல்மா, அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்.”

இந்த உரையாடல் இங்கே எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் நடக்கக்கூடியது. மருத்துவர் சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால், எவ்வளவு நாளைக்கு அப்படி இருக்கும், எப்போது பயப்பட வேண்டும், அதுவரை வேலைக்குப் போகலாமா, போனால் எந்த வேலை என்பதெல்லாம் அந்தப் பதிலில் இல்லை. அவை சொல்லப்படாததால்தான் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சிலர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே பாத்தியில் இறங்குகிறார்கள். சிலர் காலைத் தரையில் ஊன்றவே பயந்து மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கிறார்கள். இரண்டுமே வலியை நீட்டிப்பவை.

முதலில் எந்தக் காய்ச்சல் என்று பார்ப்போம். ஃப்ளூ, டெங்கு, கோவிட் என எந்த வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் சில நாள் உடம்பு வலி இருக்கும். மாதக்கணக்கில் காலைப் பிடித்துக்கொள்வதில் பெயர் பெற்றது சிக்குன்குனியா. 1952இல் இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே பகுதியில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய், 1963இல் கல்கத்தாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே சென்னை, வேலூர், புதுச்சேரி எனத் தமிழ் நிலத்தில் பரவியது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு பரவல். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2005இன் இறுதியில் திரும்பி வந்து, 2006இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேரைத் தாக்கியதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டு கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். உப்பளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறதே, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கிருந்துதான் வருகிறதா? இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். உப்பு விளையும் பாத்தியில் அதைப்போல் ஏழெட்டு மடங்கு. அதில் ஏடிஸ் கொசுவின் புழு பிழைக்காது. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இலங்கையின் கடலோரப் பகுதிகளில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒரு எச்சரிக்கை தந்தது. லிட்டருக்கு 15 கிராம் வரை உப்பு உள்ள நீரிலும் ஏடிஸ் புழுக்கள் வளர்வதை அவர்கள் கண்டார்கள். கடலோரத்து உவர்க் கிணறும், கைவிட்ட படகில் தேங்கிய நீரும் கொசுவுக்குப் போதும் என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டு வாசலில் இருக்கும் டிரம். நிலத்தடி நீர் உவர்த்துப்போன ஊரில் குடிநீரைப் பிடித்துச் சேமிக்காமல் முடியாது. சேமிக்கிற பாத்திரத்துக்கு மூடி இல்லையென்றால் அதுதான் கொசுவின் பண்ணை. ஏடிஸ் பகலில் கடிப்பது என்பதால் இரவில் மட்டும் கொசுவலை கட்டுவது இதற்குப் போதாது.

இனி வலிக்கு வருவோம். ‘கால் வலி’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது நான்கு வேறு வலிகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் மருந்து தேடினால் காசுதான் வீண்.

சதை வலி என்றால் கெண்டைக்காலையோ தொடையையோ கட்டைவிரலால் அழுத்தும்போது வலிக்கும். படி ஏறும்போது, குத்துக்காலிட்டு எழும்போது தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் ஓரளவு அடங்கும். மூட்டு வலி வேறு. காலையில் எழுந்ததும் கணுக்காலும் முழங்காலும் விறைத்துக் கிடக்கும். அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் நடமாடினால்தான் இளகும். கணுக்காலைச் சுற்றி வீக்கம் இருக்கும். சிக்குன்குனியா முக்கியமாகக் குறிவைப்பது மூட்டுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நாண்களையும்தான். கணுக்கால் நாண்கள் வீங்கினால் அந்த வலி கெண்டைக்கால் வரை ஏறுவதால், பாதிக்கப்பட்டவர் சதை வலி என்றே சொல்வார். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் சுள்ளென்று குத்தினால் உள்ளங்கால் நார் இறுகியிருக்கிறது. எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இரவில் கூடுவது என்றால் நரம்பு பேசுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது காய்ச்சலுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். காய்ச்சல் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

இவை தவிர, உப்பளத்துக்கே உரிய ஒன்று உண்டு, அது தசைப்பிடிப்பு. வெயிலில் வியர்வையோடு உப்பும் நீரும் போய்விட, நடுராத்திரியில் ஆடுசதை முறுக்கிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். சில நிமிடத்தில் விட்டுவிடும். பல உப்பளங்களில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய கால் வலியில் ஒரு பங்கு வைரஸின் கணக்கில் சேராது. கழிப்பறை கட்டாதவர் கணக்கில்தான் சேரும்.

சரி, வைரஸ் ஒரு வாரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. வலி ஏன் போவதில்லை?

காய்ச்சலின்போது வைரஸை எதிர்க்க உடல் சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. உடம்பு வலிக்குப் பெரும்பகுதி காரணம் அவைதான். சண்டை ஓய்ந்ததும் இவை குறைய வேண்டும். சிலருக்குச் சட்டென்று குறைகின்றன, சிலருக்கு மெல்ல. சிக்குன்குனியாவில் இன்னொரு சிக்கல். பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் நோயாளிகளின் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, சேதமான தசையைப் பழுது பார்க்க வேண்டிய துணைச் செல்களுக்குள்ளேயே இந்த வைரஸ் புகுந்திருந்தது. பழுது பார்க்கும் ஆளே படுத்துவிட்டால் வேலை தாமதப்படாதா? ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் 18 மாதங்களுக்குப் பிறகும் வைரஸின் எச்சங்கள் கிடைத்தன. எச்சம் என்றுதான் சொல்கிறோம். அந்த நோயாளி அடுத்தவருக்குத் தொற்றைக் கடத்திக்கொண்டிருந்தார் என்று பொருளில்லை.

படுக்கையின் பங்கும் உண்டு. அதை நாம் சரியாக மதிப்பதில்லை. 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோனது. காய்ச்சல் இல்லாமலே இந்த இழப்பு என்றால், சாப்பாடு இறங்காமல் காய்ச்சலில் இரண்டு வாரம் கிடந்தவர் எவ்வளவு இழந்திருப்பார்? அதே கால், முன்பைவிடக் குறைந்த தசையோடு, முன்பு சுமந்த உடம்பையே சுமக்கிறது. மாலையில் வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, வலிக்கிற காலைக் காப்பாற்ற நொண்டி நடந்தால் இடுப்பும் மறுகாலும் பழக்கமில்லாத சுமையை ஏற்று அவையும் வலிக்கத் தொடங்கும்.

கடைசியாக, நரம்பு மண்டலத்தின் பழக்கம். பல வாரம் ஓயாமல் வலிச் செய்தியைக் கடத்திய நரம்புகள், திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கும் நாயைப் போல, சின்ன உரசலுக்கும் பெரிய கூச்சல் போடும். தூக்கம் கெட்டால் இது கூடும். இதைக் கற்பனை வலி என்று வீட்டார் ஒதுக்குவது அநியாயம். வலி உண்மை. அந்த நேரத்தில் தசையில் புதிய சேதம் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டவருக்குப் பயம் பாதி குறையும், நடக்கத் துணிவும் வரும்.

எவ்வளவு நாள்? சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்தைய சதை வலி இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். குழந்தைகளுக்கு ஃப்ளூவுக்குப் பிறகு திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நுனிக்காலில் நடப்பார்கள் அல்லது நடக்கவே மறுப்பார்கள். பெற்றோர் பதறிப்போவார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், சிறுநீரின் நிறத்தை மட்டும் கவனித்தால் போதும். சிக்குன்குனியாவின் கணக்கு வேறு. ரீயூனியனில் 2005-06 பரவலில் பாதிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், 15 மாதங்களுக்குப் பிறகும் 57 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மூட்டுத் தசைத் தொல்லையைச் சொன்னார்கள். 45 வயதைக் கடந்தவர்கள், ஆரம்பத்திலேயே கடும் வலி கண்டவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம். உப்பளத்தில் பல வருடம் வரப்பில் நடந்து சுமை தூக்கிய ஐம்பது வயதுப் பெண்ணை இந்த மூன்று வரையறைக்குள்ளும் வைத்துப் பாருங்கள். அவருக்கு ஆறு மாதம் வலி இருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ‘இன்னும் சரியாகலையா?’ என்ற கேள்வியை வீட்டிலும் வேலையிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால், பொறுமையாக இருக்கக் கூடாத கால் வலிகளும் உண்டு. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, இறுகி இருந்தால் உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். படுக்கையில் கிடந்து எழுந்தவர்களுக்கு இது வரும். அந்தக் காலில் எண்ணெய் தேய்த்து நீவுவது ஆபத்து, உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனை. காய்ச்சல் விட்டு ஓரிரு வாரத்தில், வலியைவிட பலவீனம் முந்திக்கொண்டு பாதத்தில் தொடங்கி முழங்கால், தொடை என மேலே ஏறினால், செருப்பு காலில் நிற்கவில்லை, தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால் அது கீலன் பாரே என்ற நரம்புத் தாக்கமாக இருக்கலாம். மூச்சுத் தசை வரை ஏறுவதற்குள் போக வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் இங்கிருந்து எட்டாத தூரத்தில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு அதுதான் மிகவும் பொருந்தும், எளிதில் கண்ணுக்குத் தப்புவதும் அதுதான். எலிக்காய்ச்சல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, மரக்காணத்தின் உப்பளங்களும் மூழ்கின. அப்படி மழைநீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெடிப்புள்ள காலோடு நடப்பவருக்கு லெப்டோஸ்பைரா என்ற கிருமி தொற்றலாம். செறிந்த உப்புநீரில் அது நிலைக்காது, மழைநீர் கலந்த சேற்றில் பிழைக்கும். அதன் முத்திரையே கெண்டைக்காலில் தொட்டாலே துடிக்கும் வலிதான். பீளை தள்ளாமலே கண் சிவந்திருக்கும், சிலருக்கு மஞ்சள் காமாலை சேரும். இது வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும், விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வரும் எவரும் ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்லத் தவறக் கூடாது. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அடுத்தது ஊசி. நாம் இந்தத் தலையங்கத்தை எழுத முதன்மையான காரணம் இதுதான்.

‘ஒரு ஊசி போட்டா அடுத்த நாள் வேலைக்குப் போயிடலாம்’ என்ற நம்பிக்கை பொய்யல்ல, போகவும் முடிகிறது. டைக்ளோஃபினாக் வலியை அமர்த்தும். அத்துடன் ஸ்டீராய்டும் கலந்து போட்டால் ஆள் பறக்காத குறைதான். மூன்று நாளில் வலி முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பும், மறுபடி ஊசி. காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, ரத்தக் கசிவை அவை தூண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் உப்பளத் தொழிலாளிக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். குளிர்சாதன அறையில் வேலை செய்பவருக்குச் சில நாள் தாங்கும் மாத்திரை, நண்பகல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாருபவருக்குத் தாங்காமல் போகலாம். வலி மாத்திரை எழுதும் மருத்துவர் ‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ என்று கேட்பது இந்தக் கடற்கரையில் மருத்துவத்தின் ஒரு பகுதி.

நிலவேம்புக் குடிநீரையும் சொல்லிவிட வேண்டும். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. அரசே முகாம் போட்டுக் காய்ச்சலுக்குக் கொடுத்தது. காய்ச்சல் போய் மாதங்கள் ஆன பின் கால் வலிக்கு அதைத் தொடர்ந்து குடிப்பதால் பலன் உண்டு என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. உப்புநீரில் கால் ஊற வைத்தால் வலி போகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் மரக்காணத்தில் ஒருவருக்கும் கால் வலி இருக்கக் கூடாது! வெந்நீர் ஒத்தடம் இதம் தரும், இதம் தருவது உப்பல்ல, சூடு. சர்க்கரை உள்ளவர்கள் சூட்டைக் காலால் பார்க்காமல் கையால் பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை பற்றியும் ஒரு குழப்பம் உலவுகிறது. மூன்று மாதம் கழித்து எடுத்த சிக்குன்குனியா ஐஜிஎம் சோதனை பாசிட்டிவ் என்று வந்தால், ‘இன்னும் கிருமி உடம்பில் ஓடுகிறது’ என்று அஞ்சுகிறார்கள். ஐஜிஎம் என்பது கிருமி அல்ல, கிருமிக்கு எதிராக உடல் செய்த பொருள். அது சில மாதங்கள் ரத்தத்தில் இருக்கவே செய்யும். திரும்பத் திரும்ப அதையே எடுப்பதில் பயனில்லை. வலி நீடிப்பவர்களுக்கு உண்மையில் உதவக்கூடியவை வேறு. தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு, பொட்டாசியம், விட்டமின் டி. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அதுவே சிலருக்குச் சதை வலி தரும்.

எப்படி நடமாடுவது? ஓய்வா உழைப்பா என்று கேட்டால் இரண்டும் தவறான பதில். காய்ச்சல் அடிக்கும் நாள்களில் ஓய்வு. விட்டதும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது. வலி இடம் கொடுத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது. வீட்டுக்குள் நடை, பிறகு தெரு முனை வரை. அளவை எப்படித் தெரிந்துகொள்வது? செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அது சரியான அளவு, சில நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டலாம். மறுநாள் கூடுதலாக வலித்தால் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இந்த விதிக்கு விலக்கான ஒரு கூட்டம் உண்டு. கோவிடுக்குப் பிறகு இவர்களைப் பற்றி உலகம் அதிகம் தெரிந்துகொண்டது. சிறிது உழைத்தாலும் ஒரு நாள் கழித்து உடம்பே சரிந்துவிடும். வலி மட்டும் வராது, அசதி, தலைக் கனம், தூங்கினாலும் தீராத களைப்பு எல்லாம் சேர்ந்து வரும். ஆம்ஸ்டர்டாமில் இத்தகைய 25 பேரை சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளியானது. உழைப்புக்குப் பிறகு அவர்களுடைய தசையில் ஆற்றல் உற்பத்தி குறைந்தது, தசை நார்ச் சேதமும் கூடியிருந்தது. எனவே ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பும் இதை ஒத்த நாள்பட்ட களைப்பு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை 2021இல் தன் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. இவர்கள் தங்கள் வரம்புக்குள் வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டியவர்கள். சோம்பேறி என்ற பட்டம் முதலில் விழுவது இவர்கள் மேல்தான்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இழந்த தசை திரும்பப் புரதம் வேண்டும். நெத்திலியும் மத்தியும் கிடைக்கும் கடற்கரையில், முட்டையும் பயறும் சேர்த்தால் போதும். காய்ச்சல் விட்டவருக்குப் பத்தியம் என்று வாரக்கணக்கில் ரசம் சோறு மட்டும் கொடுப்பது கால் தசைக்குச் செய்யும் துரோகம்.

மூன்று மாதம் தாண்டியும் காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் அதைச் சதை வலி என்று விட்டுவிடாமல் மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும். சிலருக்குச் சிக்குன்குனியாவுக்குப் பிறகு முடக்கு வாதத்தைப் போன்ற மூட்டு அழற்சி நிலைத்துவிடுகிறது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைக் கண்காணிப்போடு கொடுத்துக் கட்டுப்படுத்த முடியும். மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக வீட்டுக்கு வரும் பணியாளரிடம் கால் வலியைச் சொன்னால் அதற்கும் வழி கேட்கலாம்.

ஆனால் மேலே சொன்ன ‘சிறிது சிறிதாகக் கூட்டுவது’ என்பது யாருக்குச் சாத்தியம்? மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. மழை மாதங்களில் கூலி இல்லை. அந்த இடைவெளிக்காகத்தான் 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கடன் வாங்கி மூன்று மாதத்தை ஓட்டிய குடும்பம், பருவம் தொடங்கும் வாரத்தில் ‘கால் வலிக்கிறது’ என்று வீட்டில் இருக்காது. ஊசி அதனால்தான் விற்கிறது. அதைத் தொழிலாளியின் அறியாமை என்று திட்டுவது சுலபம், நியாயமில்லை.

செய்யக்கூடியது சிறியது, செலவில்லாதது. உப்பள வேலை எல்லாமே பாத்தி மிதிப்பதும் சுமை தூக்குவதும் அல்ல. மூட்டை பிடிப்பது, வாய் தைப்பது, எடை பார்ப்பது என உட்கார்ந்தும் நிழலில் நின்றும் செய்யும் வேலைகள் இருக்கின்றன. காய்ச்சலில் விழுந்து வந்தவரை முதல் சில வாரம் அந்தப் பக்கம் மாற்றிவிட மேஸ்திரியால் முடியும். கூலியில் கைவைக்காமல் மாற்றுவதா, குறைத்து மாற்றுவதா என்பதில்தான் இடக்கு வரும். மருத்துவர் சீட்டில் ‘ஓய்வு தேவை’ என்று எழுதினால் அது உப்பளத்தில் செல்லாது, அந்தச் சொல்லுக்கு அங்கே ‘வேலை இல்லை’ என்றே பொருள். ‘நான்கு வாரத்துக்குப் பாத்தி மிதிக்கவோ சுமை தூக்கவோ கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம்’ என்று எழுதிக் கொடுத்தால், மேஸ்திரியிடம் காட்டிப் பேச ஒரு காகிதமாவது கையில் இருக்கும். அப்படி எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.